எங்கள் வீட்டில் நடந்த கொலை

பிப்ரவரி 3, 2008, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாக மேசைமேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வியாதியும் அதற்கான மாத்திரையும் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய பக்கத்துக்கு மூட்டுவலி.

காலையில் அம்பத்தூரிலிருந்து அண்ணன் போனில் பேசினார். வரும் மே மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. முப்பத்து நான்கு வருடம் ஆத்தூரில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தே காலம் போய்விட்டது. ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, 'லேபம்மா' என்றால் தெரியும்.

"நீ ரிட்டயர் ஆனதும் வீட்ட வித்துடலாம் மரகதம். நானும் சேகரும் பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றார் அண்ணன். "மூணு மாசம் எங்ககூட இரு. மூணு மாசம் கோயமுத்தூர்ல சேகர் வீட்ல இரு. அவன் தோஹாவுல இருக்கான், அவன் பொண்டாட்டி சுகுணாவுக்கும் துணையாப் போச்சு. மாத்தி மாத்தி இருந்தா உனக்கும் போரடிக்காது."

"சரிங்கண்ணா" என்றேன்.

அண்ணன் சொல்வது நியாயம்தான். அப்பா கட்டிய வீடு, அண்ணன், நான், தம்பி சேகர் மூன்று பேருக்கும் பங்கு. ஏழு அறைகளில் நான் புழங்குவது இரண்டு. கல்யாணம் காட்சி இல்லாத ஒருத்திக்கு ஏழு அறை எதற்கு? எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

சாயங்காலம் ஜன்னல் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன். பதினான்கு ஜன்னல்கள். இடுப்பு விட்டுப்போயிற்று.

பிப்ரவரி 10, ஞாயிறு

புரோக்கர் அர்த்தநாரி வந்தார். காலடியாலேயே வீட்டை அளந்தார். பின்கட்டுக் கிணற்றில் குனிந்து பார்த்துவிட்டு, "வத்துனதே இல்லீங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப அதத்தான் மொதல்ல சொல்லோணும்."

மற்றதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று, மேற்குச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறுவதையும், சமையலறை ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுவதையும், பின்தெருவில் கல்யாண மண்டபம் வரப்போவதாகப் பேச்சு இருப்பதையும், மாடிப்படி ஒன்றின் உயரம் மட்டும் கூடுதல் என்பதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க விக்கற கட்சியா, விக்க வேண்டாங்கற கட்சியா?"

உண்மையைச் சொன்னால் இப்படித்தான்.

பிப்ரவரி 21, வியாழன்

ஆஸ்பத்திரி விட்டு வந்தால் வாசலில் இரண்டு பேர். ஒருவர் தாடி, இன்னொருவர் தோளில் பை. தாடி தன் பெயர் குகன் என்றது. தம்மம்பட்டிக்காரர், இருபத்தேழு வயது இருக்கும். முதல் படம் எடுக்கப்போகிறாராம். பை வைத்திருந்தவர் கேமராமேன் ஜெரால்டு.

"வீடு வேணும்மா. பதினஞ்சே நாள். கிரைம் த்ரில்லருங்க" என்றார் குகன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்பவே சொல்லிடறேன். உங்க வீட்ல ஒரு கொலை நடக்குது. இதக் கேட்டுத்தான் ஆறு வீட்ல முடியாதுன்னுட்டாங்க."

"எந்த இடத்துல?"

"கெணத்துலங்க."

"யாரக் கொல்றீங்க?"

"வீட்ட வாங்க வர்றவரங்க."

"எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படத்தின் பெயர் 'கிணற்றில் ஒரு சத்தம்'. வாசலில் இருக்கும் 'கந்தசாமி பவனம்' என்ற பெயர்ப்பலகையை மறைத்துவிடுவதாகக் குகன் வாக்குக் கொடுத்தார்.

"மறைக்க வேண்டாம். நல்லாத் தெரியட்டும்" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேனோ. அப்பா பெயர் சினிமாவில் வரட்டுமே என்று இருக்கலாம்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு.

மார்ச் 8, சனி

படப்பிடிப்பு தொடங்கியது. மொத்தம் பதினோரு பேர். கதை முழுவதும் ராத்திரியில் நடக்கிறது. ஆனால் ராத்திரியில் எடுத்தால் விளக்குகள் அதிகம் வேண்டுமாம். அதனால் பகலிலேயே ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு ராத்திரி ஆக்கிவிட்டார்கள். என் வீட்டுக் கம்பளி போதாமல் எதிர்வீட்டிலும் கடன் வாங்கினோம். மார்ச் மாத ஆத்தூர் வெயிலில், உள்ளே பதினோரு பேரும் வியர்த்து வழிய நிற்கிறார்கள். வசனம், "என்னா குளிரு!"

எல்லாருக்கும் நீர்மோர் கரைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை, சும்மாதான்.

இன்று ரத்தம் வரும் காட்சி. ரோஸ்மில்க் சிரப்பில் குங்குமத்தைக் கலந்து தரையில் ஊற்றியிருந்தார்கள். பார்த்தவுடன் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"தம்பி, இது ரத்தம் இல்ல, கோயில் திருவிழா. தரையில கெடக்கற ரத்தம் இப்படி மினுமினுக்காது. கொஞ்ச நேரத்துல ஓரம் காஞ்சு, நடுவுல திட்டுத்திட்டா உறைஞ்சு, பழுப்பேறிடும்."

குகன் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எப்பிடிங்கம்மா பண்றது?"

நம் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஜவ்வரிசிக்கு வராது. அதைக் குழையக் காய்ச்சி, சிவப்புச் சாயம் போட்டு, கடைசியில் இரண்டு கரண்டி காபி டிகாஷன் விட்டேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும், அவ்வளவு தத்ரூபம். அதைப் பார்த்த கதாநாயகி தாரிகா உண்மையாகவே வாந்தி எடுத்துவிட்டாள். ஜெரால்டு அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

இன்றும் லீவு.

மார்ச் 15, சனி

பிணத்தைக் கிணற்றில் போட்டோம். வேட்டி சட்டை மாட்டிய பஞ்சுப் பொம்மை. முதல் தடவை மிதந்தது. இரண்டாம் தடவை மணலை அடைத்துப் போட்டோம். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு ரங்கசாமி அண்ணன் கயிறும் கையுமாகச் சுவரேறிக் குதித்து வந்துவிட்டார். வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயோ, யாருங்க அது!" என்று கத்தினாரே ஒரு கத்து! குகனுக்கு அந்தக் கத்தல் அப்படியே வேண்டுமாம். மறுபடி கத்தச் சொன்னார். ரங்கசாமி அண்ணன் ஒன்பது தடவை கத்தினார், முதல் தடவை போல வரவேயில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அத்தை வேடத்துக்குச் சேலத்திலிருந்து வரவேண்டிய அம்மாள் வரவில்லை, அவர்கள் வீட்டில் கல்யாணமாம். அத்தைதான் கொலைகாரி. குகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்கு நடிக்கத் தெரியாது தம்பி."

"நடிக்க வேண்டாங்கம்மா. நீங்க லேப்ல ஊசி குத்த வரும்போது ஒரு மூஞ்சி வெச்சுக்குவீங்கன்னு எங்க சித்தி சொல்லுச்சு. அது போதும்."

இன்றைய காட்சிகளை எடுத்து முடித்து டீ குடிக்கும்போது அத்தை ஏன் கொலை செய்கிறாள் என்று கேட்டேன். வந்தவர் கொண்டுவந்த நகைக்காக என்றார்.

"நகைக்காக இந்த வயசுல யாரும் இவ்வளவு கஷ்டப்பட மாட்டாங்க. அவளோட வீட்ட விக்கறாங்கல்ல? அவள எங்க போய் இருக்கச் சொல்றாங்க? அத எங்கயும் நீங்க எழுதலயே" என்றேன்.

குகன் டீயைக் குடிக்காமல் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் சும்மா கதை என்ற அளவில்தான் சொன்னேன்.

மார்ச் 22, சனி

எல்லாரும் போய்விட்டார்கள். தாரிகா கட்டிக்கொண்டு அழுதாள். கம்பளிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது. இப்போதுதான் நிம்மதி.

பொழுது போகாமல் மீதி ஜவ்வரிசியில் வடகம் இட்டேன். சாயம் போடாமல்தான்.

மே 31, சனி

பணி நிறைவு விழா. மாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். பெரிய டாக்டர் பேசும்போது, "மரகதவல்லி அம்மாவுக்கு இனிமேல் ஓய்வுதான். அண்ணன் வீடு, தம்பி வீடு என்று நிம்மதியாக இருக்கலாம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு

அர்த்தநாரி ஒரு தம்பதியை அழைத்து வந்தார். இரண்டு பேரும் ஆசிரியர்கள். தங்கமான மனிதர்கள். அந்தப் பெண் சமையலறையில் நின்று, "இங்க மிக்சி வெச்சுக்கலாம், இந்த மேடைய இடிச்சுடலாம்" என்றாள். ஒழுகும் ஓட்டைக் காட்டினேன். ஓட்டையே எடுத்துவிட்டுத் தளம் போடப்போவதாக அவள் கணவர் சொன்னார். ஆடி கழிந்ததும் ஒப்பந்தம்.

அண்ணன் போனில் குதூகலமாக இருந்தார்.

ஜூன் 16, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

குகன் பேசினார். குரல் கம்மியிருந்தது. படத்தைப் பார்த்த விநியோகஸ்தர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்களாம். "தியேட்டரே கெடைக்கலம்மா. நேரா டிவிடியில போடறோம். எங்கப்பா என் மூஞ்சியவே பாக்கல."

அவருக்கு ஆறுதலாக என்னவோ சொன்னேன். பிறகு கேட்டேன், "டிவிடி எப்ப வரும்?"

"இந்த மாசக் கடைசிங்க."

"ஆடி கழியறதுக்குள்ள வந்துடுமா?"

"வந்துடுங்க. ஏங்கம்மா?"

"சும்மா கேட்டேன்."

ஜூலை 27, ஞாயிறு

கூரியரில் நான்கு டிவிடிகள் வந்தன. அட்டையில் எங்கள் வீட்டு முகப்பு. மேலே சிவப்பாக ஒரு கை. 'கந்தசாமி பவனம்' என்ற எழுத்து கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி இருக்கிறது.

என்னோடு லேபில் இருந்த ஸ்டெல்லாவை வரச்சொல்லி, மத்தியானம் சாப்பாடு முடித்துப் பார்த்தோம். எங்கள் வீட்டுக் கதவு ஒன்றே மூன்று வீட்டுக்குக் கதவாக வருகிறது. நள்ளிரவுக் காட்சியில் பின்னால் ஐஸ் வண்டி மணி அடிக்கிறது. கதாநாயகன் அழும்போது சிரிப்பது போலவும் சிரிக்கும்போது பல்வலி போலவும் இருக்கிறது. ஆனால் கிணற்றடிக்கு வந்தவுடன் ஸ்டெல்லா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் அரிக்கேன் விளக்கோடு திரும்பிப் பார்க்கிறேன். எனக்கே பயமாக இருந்தது.

"ஏன்க்கா, நெசமாவே யாரையாவது போட்டுத் தள்ளற மாதிரியே பாக்கறீங்களே" என்றாள். "அப்ப என்னத்தக்கா நெனச்சுக்கிட்டீங்க?"

ஒன்றும் நினைக்கவில்லை என்றேன்.

போகும்போது ஒரு டிவிடி கேட்டாள், கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காட்டுவாளாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அர்த்தநாரியின் வீட்டம்மா கடைத்தெருவில் பார்த்து, பொழுதுபோக ஏதாவது நல்ல படம் இருந்தால் கொடுங்கள் என்றாள். பையிலேயே ஒன்று இருந்தது. அங்கிருந்து இரண்டு கடை தள்ளித்தான் கேபிள் டிவி ஆபீஸ். இவ்வளவு தூரம் வந்ததற்கு அவர்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் இரண்டு மணிக்குக் கேபிளில் போட்டார்கள். சாயங்காலம் வாசலில் கூட்டம். பால்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொம்பை நீட்டினாள். "உள்ள வாயேன்" என்றதற்கு, "பரவால்லீங்க லேபம்மா, இங்கயே இருக்கேன்" என்றாள். ரங்கசாமி அண்ணன் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அந்தக் கத்தல் என்னோடதுதாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்தது. இன்று ஆசிரியர் தம்பதி வரவில்லை. அர்த்தநாரி மட்டும் வந்தார், முகம் தொங்கிப்போய்.

"வேண்டாங்கறாங்கம்மா. அந்தப் பொண்ணுக்குக் கெணறே கண்ணுல நிக்குதாம்."

"அது பஞ்சுப் பொம்மைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்கறா."

பாவம் என்று இரண்டு வடகம் பொரித்துக் காபி கொடுத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது பார்ட்டி நேரில் வரவில்லை, ஒரு வாஸ்துக்காரரை அனுப்பினார்கள். அவர் கிணற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கிணற்றைப் பார்த்தார். திசைகாட்டியை எடுக்காமலே கிளம்பிவிட்டார்.

பத்தே நிமிடத்தில் அண்ணனின் போன். "ஊர்ல இருக்கற சினிமாக்காரனுக்கெல்லாம் வீட்டக் குடுக்க உனக்கு என்ன பைத்தியமா? அப்பா பேரு போட்ட போர்டுக்குக் கீழ பொணத்த இழுத்துட்டுப் போறானுங்க! இங்க அடுத்த தெருவுல டிவிடி வாடகைக்கு விடறான் மரகதம்!"

"அம்பத்தூர் வரைக்கும் வந்துடுச்சா?" என்றேன். சந்தோஷமாகக் கேட்டுவிட்டேன் போல, அவர் போனை வைத்துவிட்டார்.

குகனிடம் இதைச் சொன்னேன். அவர் குரலில் இப்போது தெம்பு வந்திருக்கிறது. "அது மட்டுமில்லீங்கம்மா, திருட்டு டிவிடியும் வந்துடுச்சு! நல்லா இல்லாத படத்த எவன்மா திருடுவான்? எங்கப்பாவே ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு."

அக்டோபர் 19, ஞாயிறு

அர்த்தநாரி மூன்றாவதாக ஒருவரை அழைத்து வந்தார். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ பாக்டரி வைத்திருக்கும் வையாபுரி. பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். நான் பதற்றப்படவில்லை. கேபிளில் இதுவரை மூன்று முறை போட்டாகிவிட்டது, இவரும் பார்க்காமலா இருந்திருப்பார்?

பார்த்திருக்கிறார். நான்கு முறை.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார். "அந்த விளக்கத் தூக்கிட்டுத் திரும்பிப் பாப்பீங்களே, அய்யோ! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க." கிணற்றடிக்கு ஓடினார். பொம்மையை எந்தப் பக்கமிருந்து தள்ளினீர்கள் என்று கேட்டார். காட்டினேன். அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ரத்தம் ஜவ்வரிசிக் கஞ்சி என்று தெரிந்ததும் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தொழில் பாசம்.

"எனக்கு இந்த வீடு வேணுங்க" என்றார். "ஒரு செங்கல்லக்கூட ஆட்ட மாட்டேன். ஓதம் இருந்தாலும் சரி, ஒழுகினாலும் சரி. இப்படியே வெச்சிருப்பேன். நீங்க எப்ப வேண்ணாலும் வந்து பாத்துட்டுப் போலாம்."

நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

மாடிப்படி விஷயத்தைச் சொன்னேன். "ஆமாங்க, அந்தப் படியிலதான் ஈரோ விழுவான்" என்று அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. சுழியன் மட்டும் செய்தேன், வெல்லம் போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அடுத்த ஞாயிறு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். சேகர் லீவில் வந்துவிட்டான். அண்ணன், அண்ணி, சேகர் மூன்று பேரும் வருகிறார்கள்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். 'எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை. இதை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? ஆட்சேபம் இருந்தது. பிப்ரவரியில் அண்ணன் போனை வைத்த அந்த நிமிடத்திலிருந்து இருந்தது. டிவிடிகளை யாரும் கேட்டு வாங்கவில்லை, நானாகத்தான் ஊரெல்லாம் இறைத்தேன். ஸ்டெல்லா ஒருத்திதான் கேட்டாள். அர்த்தநாரியின் வீட்டம்மா கேட்டாள் என்பதுகூடப் பொய். நான்தான் அவள் கையில் திணித்தேன்.

கொலைகாரியாக நடித்து ஊரையே பயமுறுத்தியவளுக்கு, அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லப் பயம்.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன், கோகிலா அண்ணி, சேகர், வையாபுரி, அர்த்தநாரி. பத்திரம் எழுதுபவர் ஒப்பந்தத்தைப் படித்தார். 'தணிகாசலம், மரகதவல்லி, ஞானசேகரன் ஆகிய நாங்கள் மூவரும் முழு மனதுடன்' என்று வந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேனாவை என் பக்கம் நீட்டினார்.

இரண்டு நாளாகக் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின.

"நான் போடலண்ணா" என்றேன்.

"கண்ணாடி எங்க வெச்ச? எடுத்துட்டு வா" என்றார் அவர்.

"கண்ணாடி இருக்கு. நான் கையெழுத்துப் போடல."

அர்த்தநாரி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "என்ன மரகதம், பார்ட்டியப் புடிக்கலயா?" என்றார், அந்தப் பார்ட்டி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்க.

"ரொம்ப நல்லவரு. அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"எனக்கு இங்கயே இருக்கணும்."

அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் சொல்ல இவ்வளவு சின்ன வாக்கியம்தானா என்று எனக்கே இருந்தது. சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டேன்.

"தனியா எப்படி இருப்ப?" என்றார் அண்ணன்.

"அம்மா போனதுக்கப்புறம் பதினோரு வருசமா தனியாத்தானே இருக்கேன்?"

"நாளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சும்னா?"

"ஆஸ்பத்திரி பக்கம்தான். அங்க எல்லாரும் என்கிட்ட ஊசி குத்திக்கிட்டவங்க. மூணு மாசம் அங்க, மூணு மாசம் இங்கன்னு பெட்டியத் தூக்கிட்டு அலைய என்னால முடியாதுண்ணா. உங்க வீட்டுக்கு நான் வருவேன். விருந்தாளியா வருவேன், நாலு நாள் இருப்பேன், எனக்குன்னு ஒரு வீடு இருக்குன்னு திரும்பி வருவேன்."

கோகிலா அண்ணி என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா அந்தப் படம்..." என்று இழுத்தாள்.

"ஆமா அண்ணி. வேணும்னுதான்."

"போர்டு?"

"அதுவும்தான்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபமோ என்று பார்த்தேன். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள்!

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றார். "ஊரக் கூட்டி, சினிமா எடுத்து, கொலை பண்ணி... இந்த ஒரு வார்த்தைய பிப்ரவரியிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க முடிவு பண்ணிட்டுத்தானே சொன்னீங்க. நீ என்ன சொல்றேன்னு கேக்கவே இல்லையே. கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ தேடினார். ஒன்றும் கிடைக்காமல் கையை எடுத்தார். "கோகிலா, கெளம்பு" என்றார்.

"எலை போட்டாச்சு. நான் சாப்ட்டுட்டுத்தான் வருவேன்" என்றாள் அண்ணி. முப்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சேகர் பத்திரத்தை எடுத்து நான்காக மடித்தான். "என் படிப்பு முடியட்டும்னு நீ கல்யாணத்தத் தள்ளிப் போட்டது எனக்குத் தெரியும்க்கா. அதத் தெரிஞ்சுக்கிட்டே உன்ன ஒரு வார்த்த கேக்காம விட்டுட்டேன்" என்றான். "என் பங்கு இப்படியே இருக்கட்டும். நீ இருக்கற வரைக்கும் இரு. அண்ணனுக்கு ஆறட்டும், நான் பேசறேன்."

வையாபுரிக்கு எப்படிச் சமாதானம் சொல்வதென்று தெரியவில்லை. அவரே கைகூப்பினார். "அந்தப் படத்துல அத்தை அந்த வீட்டுக்காகக் கொலை பண்ணுச்சு. நீங்க பேசியே முடிச்சுட்டீங்க. என்ன உசுரோட விட்டதுக்கே நன்றிங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கிணற்றுப் பக்கம் ஒரு ஏக்கப் பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார். அர்த்தநாரி இரண்டு இலை சாப்பாடு சாப்பிட்டார். அவருடைய ஒன்பது மாத அலைச்சலுக்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை.

அண்ணி கைகழுவும்போது என் தோளைத் தொட்டு, "நானாவது கேட்டிருக்கணும் மரகதம்" என்றாள். அண்ணனுக்குத் தயிர்ச்சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். சாப்பிட்டாரா தெரியாது.

நவம்பர் 10, திங்கள்

எட்டு மணி வரை தூங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் இன்னும் பேசவில்லை. நானாகக் கூப்பிட்டால் அண்ணிதான் எடுக்கிறாள். "பக்கத்துலதான் இருக்காரு, பேப்பர் படிக்கறாரு" என்கிறாள். பேப்பர் திருப்பும் சத்தம் கேட்கிறது. சாயங்காலத்திலும் அதே பேப்பர்.

செய்தது சரிதான். ஆனாலும் கஷ்டமாக இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு மைக்ரோஸ்கோப் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

குகனுக்கு அடுத்த படம் கிடைத்துவிட்டது. இதுவும் டிவிடிக்குத்தான். என்னை நீதிபதியாகப் போடுகிறாராம். வசனம் நிறைய உண்டா என்று கேட்டேன். மூன்று பக்கம் என்றார். சரி என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் கொத்தனாரை வரச்சொல்லிச் சமையலறை ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் எதிர்முனையில் ஒரு செருமல் மட்டும்.

"அண்ணா?"

"அங்க மழையா?" என்றார்.

"விட்டுடுச்சுங்கண்ணா."

"இங்கயும் விட்டுடுச்சு."

அப்புறம் மின்சாரம், கொசு, அவருடைய சர்க்கரை அளவு எல்லாவற்றையும் பேசினார். சாப்பாட்டுக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று நான் கேட்டேன். பதில் சொன்னார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்த நேரத்தில் மறுபடி செருமினார்.

"பொங்கலுக்கு அங்க வந்து ஒரு வாரம் இருக்கலாம்னு கோகிலா சொல்றா. உனக்கு எப்படி, சௌகரியப்படுமா? வரலாமா?"

"என்னங்கண்ணா, இது உங்க வீடும்தானே? இதுக்குப் போய் கேக்கணுமா?" என்றேன்.

கேட்கத் தேவையில்லைதான். ஆனாலும் கேட்டது நன்றாக இருந்தது.